குறட்டை அல்ல

ரெஜினாள் அக்கா,
அன்று போனில் உங்களிடம்
பாதிதான் சொன்னேன்.
"தூக்கத்திலேயே போய்விட்டார், வலி இல்லை."
அடுத்த கேள்வி வருமுன்
பேலன்ஸ் தீர்ந்ததுபோல் துண்டித்தேன்.

மீதி இது.
ஷார்ஜா, சஜா கேம்ப், பதினேழாம் பிளாக்.
ஆறு பேருக்கு மூன்று இரட்டைக் கட்டில்.
மேலே நான், கீழே லேயோன் அண்ணன்.
மூன்றேகால் மணி. பஸ் நாலரைக்கு.
பாத்ரூம் போய்வந்து உட்கார்ந்தவர்
அப்படியே சாய்ந்தார்.
பிறகு அந்தச் சத்தம்.
ஒன்று.
வெகுநேரம் ஏதுமில்லை.
இன்னொன்று.
அடைத்த குழாய் தண்ணீர் கக்குவது மாதிரி.
"அண்ணன் குறட்டையைப் பாரு" என்றான்
எதிர்க்கட்டில் இத்ரீஸ்.
நான் சிரித்தேன், அக்கா.
அதைத்தான் அன்று சொல்லவில்லை.

லைட்டைப் போட்டபோது
உதடு நாவல்பழ நிறம்.
தெரிந்ததையெல்லாம் செய்தோம்.
முகத்தில் தண்ணீர். கையில் சாவிக்கொத்து.
உள்ளங்காலில் கோடாலித் தைலம்.
மெத்தையிலிருந்து தரைக்கு இறக்கக்கூடத் தோன்றவில்லை.
ஐந்து பேர், பத்துக் கைகள்,
பகலெல்லாம் கம்பி வளைக்கிற கைகள்.
ஒன்றுகூட அவர் நெஞ்சின் நடுவே போகவில்லை.

ஆம்புலன்ஸைக் குறை சொல்லமாட்டேன்.
கேம்புக்கு ஏது விலாசம்?
"கேஸ் கோடவுனுக்குப் பின்னால்,
பச்சைத் தண்ணீர்த்தொட்டி பக்கத்தில்" என்று
அரைகுறை இந்தியில் கத்தினேன்.
அங்கே எட்டுப் பச்சைத் தொட்டிகள்.
வாட்ச்மேன் செருப்பில்லாமல் மெயின்ரோட்டுக்கு ஓடினான்.
பதினாறு நிமிடம்.

மறுவருடம் கம்பெனி டிரெயினிங் வைத்தது.
லீவு நாள் போச்சே என்று திட்டிக்கொண்டே போனோம்.
பிலிப்பைன்ஸ் நர்ஸ், பெயர் மரிவிக்.
தரையில் ஒரு பொம்மை,
தலையும் நெஞ்சும் மட்டும்.
"கால் கிடையாது, ஊருக்கு ஓடாது,
இதனிடம் பாஸ்போர்ட் வாங்கி வைக்க வேண்டியதில்லை"
என்றான் இத்ரீஸ். ஹாலே சிரித்தது.
அப்போது அவள் வாயைத் திறந்து
அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினாள்.
ஒன்று. ஏதுமில்லை. இன்னொன்று.
"இது மூச்சல்ல. குறட்டையல்ல.
இதயம் நின்றபின் உடம்பு போடும் சத்தம்.
கேட்டதும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லு, நெஞ்சை அழுத்து."

இத்ரீஸ் எழுந்து வெளியே போனான்.
நான் முட்டி போட்டேன்.
உள்ளங்கையின் அடி, நெஞ்சின் நடு,
முழங்கை மடங்காமல் இரண்டங்குலம் இறங்கணும்,
முழுசாக எழும்பவிடணும்,
நிமிடத்துக்கு நூறுக்குமேல்.
எட்டாம் வகுப்பு பெயிலானவன் நான், அக்கா.
மத்தியானச் சோற்றுக்குள் எனக்கு வந்துவிட்டது.
அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.
பெரிய டாக்டர் வித்தை என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

போன ரமலானில், மெஸ் வரிசையில்
டிரைவர் குல்சமான் சரிந்தான்.
அதே சத்தம்.
"நோன்பு மயக்கம், படுக்கவிடு" என்றார்கள்.
தட்டைப் போட்டுவிட்டு அழுத்தினேன்.
தமிழில் எண்ணினேன். கை ஓய்ந்தபோது
நேபாளிப் பையன் என்னைத் தள்ளிவிட்டு
அவன் பாஷையில் எண்ணினான்.
அப்புறம் இத்ரீஸ், எண்ணாமல், அழுதுகொண்டே.
ஒரு விலா முறிந்தது கேட்டது.
நிறுத்தவில்லை.
வாட்ச்மேன் இந்தமுறை ஒவ்வொரு திருப்பத்திலும்
மொபைல் டார்ச்சோடு ஓர் ஆளை நிறுத்தியிருந்தான்.

எல்லாரும் பிழைப்பதில்லை.
மரிவிக்கே அப்படித்தான் சொன்னாள்.
குல்சமான் இருபத்திரண்டாம் நாள் திரும்பினான்.
"எந்த நாய் என் விலாவை உடைத்தது?" என்று கேட்டு,
சிரிக்கப் போய், வலியில்
இன்னும் மோசமாகத் திட்டினான்.
அதுபோல் ஒரு வசவை
நான் அதுவரை வாங்கியதில்லை.

அண்ணனும் பிழைத்திருப்பார் என்று சொல்லவில்லை.
கை வைத்திருப்போம். அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் ராத்திரி
யார் குறட்டை விட்டாலும் கீழே இறங்கி
நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன்.
தலையணை எறிகிறார்கள்.

திட்ட வேண்டுமானால்
ஒரு மிஸ்டுகால் கொடுங்கள், அக்கா.
பேலன்ஸ் போட்டு வைத்திருக்கிறேன்.