மீதி ஆறு நகம்

நாடாவுக்குக் கறுப்பு நகம்.
வெள்ளையாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்து
உள்ளே ரத்தம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.
இது எருமைக் கொம்பு மாதிரி.
நகம் எங்கே முடிகிறது, நாய் எங்கே தொடங்குகிறது,
வெளியிலிருந்து சொல்ல முடியாது.

தையில் முனிகிருஷ்ணன் நகவெட்டியால் வெட்டினார்.
நல்ல மனசோடுதான்.
ஒரே ஒரு நறுக்.
மூன்று காலில் ஓடித் தறிக்கு அடியில் புகுந்து
அது மறுபக்கம் வெளியே வந்தபோது
நெய்து முடித்த பாப்ளினில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு.
நாலு மீட்டர் தள்ளுபடி என்றார் மேஸ்திரி.
குங்குமம் வைத்து அனுப்பியிருக்கிறீர்களே, கல்யாணமா
என்று வேறு கேட்டார், தெலுங்கில்.
கணக்குத் தமிழில், கேலி தெலுங்கில்.
ஏகாம்பரகுப்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

அதன்பின் யாரும் அதன் காலைத் தொடக்கூடாது.
நகம் வளர்ந்தது.
ராத்திரி சிமெண்டுத் தரையில் டிக் டிக் டிக்,
ஆணி ஏறிய செருப்போடு யாரோ நடப்பது மாதிரி.
ஆனியில் ஒருநாள் பாவில் கால் மாட்டிப்
பதினேழு இழை அறுந்தது.
ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுவிட்டு
அந்தக் கையோடு போனை எடுத்து ஆர்டர் போட்டேன்.

வந்து சேரப் பத்து நாள்.
கூரியர் பையனுக்கு நான் ஒரு புதிர்.
விலாசம் ஆந்திரா, போன் நம்பர் தமிழ்நாடு.
ரைஸ்மில் தாண்டி, தறிச் சத்தம் கேட்கிற வீடு என்றேன்.
எல்லா வீட்லயும்தான் கேக்குது மேடம் என்றான்.

பெட்டிக்குள் தடித்த பேனா அளவில் ஒரு மெஷின்,
முனையில் உப்புத்தாள் சுற்றிய உருளை.
பொத்தானை அழுத்தினால் ஒரு ரீங்காரம்,
தட்டான் சிறகு அளவு.
அதற்கு நாடா கட்டிலுக்கு அடியில்.

யோசித்துப் பாருங்கள்.
எட்டுத் தறி ஓடும் கூடத்தில் பிறந்த நாய்.
தாய் அதை ஈன்றதே மூன்றாம் தறிப் பக்கத்தில், ஷிப்ட் நடுவில்.
இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே ஓடியதால் அந்தப் பெயர்.
மோட்டார், பெல்ட், கட்டை அடிக்கிற அடி,
அதுதான் அதற்கு அமைதி.
கரண்ட் போனால்தான் எழுந்து நின்று குரைக்கும்.
அதற்குப் போய்க் கையளவு சத்தம் பயம்.

ஒரு வாரம் மெஷினை ஓடவிட்டுப்
பக்கத்தில் கருவாட்டுத் தலை வைத்தேன்.
தலை தீர்ந்தது. பயம் தீரவில்லை.

பிறகுதான் தோன்றியது,
தறி ஓடும்போதே செய்தால் என்ன?

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் சாக்கு விரித்து
மடியில் கிடத்தினேன்.
முடி சுற்றிக்கொள்ளாமல் இருக்க
பழைய சாக்ஸில் ஓட்டை போட்டு நகத்தை மட்டும் வெளியே இழுத்தேன்.
ஒரு நொடி வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். வைத்தே இருந்தால் சுடும்.
காதில் ஒன்றும் விழவில்லை, அதற்கும் எனக்கும்.
விரலில் மட்டும் ஒரு கூச்சம்.
கருகிய கொம்பு வாசம்.
நகத்தூள் பஞ்சுத் தூசியோடு சேர்ந்து
என் முழங்கையில் படிந்தது.
தேயத் தேய நகத்தின் நடுவில்
ஈரமாய் ஒரு புள்ளி எட்டிப் பார்த்தது.
அங்கே நிறுத்தினேன்.
அதற்கப்பால் நாய்.

பன்னிரண்டு நகம் முடிந்து
பதின்மூன்றில் உருளையை வைத்தபோது
கரண்ட் போனது.

எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நின்றன.
என் கையிலிருந்தது சார்ஜில் ஓடுவது.
அத்தனை பெரிய கூடத்தில்
ஒரு தட்டான் மட்டும்.

நாடா காதைத் தூக்கியது.
என் கையைப் பார்த்தது, தன் காலைப் பார்த்தது.
அணைக்கப் போன கட்டைவிரல் பொத்தான் மேலேயே நின்றது.
காலை உருவிக்கொண்டு மெஷினை முகர்ந்தது,
தும்மியது,
தூள் படிந்த விரல்களை நக்கியது.
ஆனால் எழுந்திருக்கவில்லை.
குரைக்கவுமில்லை.

வாசலிலிருந்து முனிகிருஷ்ணன்,
தெருவுக்கே போச்சா, நமக்கு மட்டுமா?
நான் பதில் சொல்லவில்லை.
எதிர்வீட்டில் யாரோ இருமினார்கள்.
பதினோரு வருஷமாக எதிர்வீடு,
இருமல் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

மெஷினில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியிருந்தது.
மீதி ஆறு நகம்.
பின்னங்காலை மெதுவாகக் கையில் எடுத்தேன்.
கனமாக இருந்தது.