ஆறு சாவல்

அடைக்கு வைத்தது பதினொரு முட்டை.
பொரித்தது ஒன்பது.
ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்று.
மிஞ்சிய எட்டில்
ஆறுக்குக் கொண்டை சிவந்துவிட்டது.

பேடுகளின் முதுகில் இறகில்லை,
தோல் தெரிகிறது.
குறுணல் வாளி வியாழனுக்கே அடிதட்டுகிறது.
விடியப்புறம் மூன்று மணிக்கு ஒன்று கூவினால்
மற்ற ஐந்தும் மறுமொழி சொல்லியாக வேண்டும்,
சங்கத்துப் பொதுக்கூட்டம்போல.
இரவு வேலை முடித்துப் பகலில் படுக்கிற
நேர்ஸ் வதனமலர் வேலிக்கு மேலால்,
"அண்ணன், ஒன்றும் நினைக்காதீங்க" என்றாள்.
அப்படித் தொடங்கினால்
நினைக்கத்தான் வேணும்.

"ஒன்றை வைப்பம். அஞ்சை அனுப்புவம்"
என்றாள் மனிசி, கணக்குக் கொப்பியை மூடி.
வீடு அவளுடையது. வளவு அவளுடையது.
தாய் சீதனமாக எழுதிக்கொடுத்தது.
முப்பத்தொரு வருஷத்துக்கு முன்
ஒரு சூட்கேசோடு இந்தக் கடப்பால் நுழைந்தவன் நான்.
எந்தச் சாவல் நிற்பது, எது போவது என்பதில்
நான் வாய் திறப்பது அவ்வளவு புத்தியில்லை.

எங்கட மகன்மார் இருவரும் போய்விட்டார்கள்.
பெரியவன் செங்கலடியில், பெண்சாதி வீட்டில்.
சின்னவன் டோஹாவில்,
அவனுக்கும் எங்கோ ஒரு கடப்பு இருக்கும்.
மகளுக்கு மேல்வீடு கட்டுகிறோம்.

"கூவுறதில் சோம்பேறி எதுவோ அது நிற்கட்டும்."
என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இரவில் டோர்ச் அடித்துப் பிடித்தேன்.
இருட்டில் அவை சண்டை பிடிப்பதில்லை,
கைக்குள் சுடச்சுட, சும்மா இருந்தன.
காலையில் கல்முனை ஹயாத்து சைக்கிளில் வந்து
நாலையும் தராசுக் கொழுக்கியில் தலைகீழாய்த் தொங்கவிட்டார்.
ஏழே முக்கால் கிலோ.
காசு சீமெந்துக்கு.
நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்,
தாகமில்லை.

ஐந்தாவது, வெள்ளைக்காலன்.
மண்டூரில் மச்சாளுக்குப் பத்துப் பேடு,
சாவல் ஒன்றுமில்லை.
உரப்பையில் தலைமட்டும் வெளியே விட்டு
குருமண்வெளித் துறையில் பாதை ஏறினேன்.
மோட்டார் சைக்கிள்கள், இரண்டு டீச்சர்மார்,
ஒரு மூட்டை வெங்காயம், நாங்கள்.
நடு வாவியில், சரியான வெயிலில்,
கழுத்தை நீட்டிக் கூவினான் பாருங்கள்!
பாதைக்காரன் சிரித்தான்:
"மாப்பிள்ளை பொம்பிளை வீட்ட போறாரோ?"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மச்சாள் பையை அவிழ்த்ததும்
ஒரு கணம் அசையாமல் நின்றான்.
பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல,
பேடுகளின் பக்கம் நடந்தான்.

திரும்பும் பாதையில் என் கையில்
மடித்த பையும் கால்கட்டிய கயிறும்.
கயிற்றை மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.