விர்ட்சு படகுத்துறை, மூன்றாம் வரிசை

நடுக்கோடை விடுமுறைக்கு
எஸ்தோனியாவில் பாதிப் பேர் தீவுக்குப் போகிறார்கள்.
அத்தனை பேரும் எங்களுக்கு முன்னால்.

கப்பல் வந்தது, போனது.
ஏழு கார் நீளம் நகர்ந்தோம்.
தார்மோ இன்ஜினை அணைத்துவிட்டு
என் பக்கம் திரும்பாமலே இருக்கிறான்.
முன்பதிவு அவன் பொறுப்பு.

பத்தரைக்கே கறுப்பு ரொட்டி தீர்ந்தது.
ஓடாத வண்டியிலும் லேலோவுக்கு வாந்தி.
உக்குவுக்கு ஒன்றுக்கு வந்தது,
பிறகு வரவில்லை,
பிறகு வந்தேவிட்டது.

மாற்று நிக்கரில்லை. என் ஸ்வெட்டரை
இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினான்.
முன்னால் நின்ற சிவப்பு வேனில் ஒரு நாய்
கண்ணாடியை உள்ளிருந்து நக்க,
இவன் வெளியே உள்ளங்கையை விரித்து வைத்தான்.
நாக்கு போன இடமெல்லாம் கை போனது.

லேலோ சாலையோர நத்தைகளைப் பொறுக்கி
வரிசையாக விட்டாள்.
"நீ அடுத்த கப்பல்.
நீ டிக்கெட் எடுக்கலை, பின்னாடி போ."

நான்கு மணிக்கு வண்டியைத் திருப்பினோம்.
வெயில் மட்டும் வீடுவரை வந்து
இரவு பத்துக்கும் கிளம்பாமல்
திரைச்சீலையில் உட்கார்ந்திருந்தது.

போர்வைக்குள்ளிருந்து உக்கு கேட்டான்:
"அந்தத் தீவுக்கு நாளைக்கும் போலாமா?"
எந்தத் தீவு?
"நாய் இருந்துச்சே, அது."

கதவருகே தார்மோ
காலையிலிருந்து முதல்முறையாக
என் முகத்தைப் பார்த்தான்.