நாலாவது சிலிண்டர்

குளிர்பெட்டிக் கதவில் இரண்டு தாள்கள்.
ஒன்றை மாம்பழக் காந்தம் பிடித்திருக்கிறது,
மற்றதை பீட்சா கடைக் காந்தம்.
ஒன்று பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம்,
இயந்திரவியல், நான்கு ஆண்டு.
மற்றது ஜேகப்ஸ் பக்கத்துப் பட்டறையிலிருந்து,
குமாரசன் மூட்லி கையெழுத்திட்டது:
மாதம் ஒன்பதாயிரம் ராண்ட்,
சனிக்கிழமை அரைநாள்.
இரண்டுக்கும் அடியில் ஒரே மாதிரிக் கோடு,
பெற்றோர் அல்லது பாதுகாவலர்.
அவளுக்குப் பதினேழு.
அந்தக் கோடு நான்.

சேருஷ்னிக்குக் காது வாய்த்திருக்கிறது.
என்னுடையதைப் போல வம்பு கேட்கும் காது இல்லை.
எதிர்வீட்டுக்காரர் தன் பழைய கோல்ஃபைக் கிளப்பினால்
பல் தேய்த்துக்கொண்டே சொல்வாள்,
"நாலாவது சிலிண்டர் மென்னு முழுங்குது."
கணினியைச் செருகித் தேடிய மூன்று பேர்
கடைசியில் நாலாவதைத்தான் திறந்தார்கள்.
மறுநாள் மூட்லி எங்கள் வாசலில் வந்து நின்றார்
தொப்பியைக் கழற்றி,
பெண் கேட்க வந்தவர் மாதிரி.

என் வேலை அதே பல்கலைக்கழகத்தின்
கட்டண ஜன்னலில்.
பத்தொன்பது வருடமாய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
மாணவர்களை எண்ணாகத்தான் தெரியும்,
எண்ணுக்கு நேரே பாக்கி.
மார்ச்சில் ஒருவன் வந்தான், முதல் வகுப்பில் தேறியவன்.
முப்பத்தெட்டாயிரம் பாக்கி.
கட்டினால்தான் சான்றிதழ்,
சான்றிதழ் இருந்தால்தான் வேலை,
வேலை கிடைத்தால்தான் கட்ட முடியும்.
"எதுல இருந்து ஆரம்பிக்கட்டும் ஆன்ட்டி?" என்றான்.
ஒரு படிவத்தைக் கொடுத்தேன்.
படிவம் கொடுப்பது எனக்கு நன்றாக வரும்.

அவனைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை.
போன வாரம் வந்தவரைப் பற்றிச் சொன்னேன்.
சிபுசீசோ செலே. நாற்பத்தொரு வயது. முதலாமாண்டு.
நகக்கண்ணில் எந்தச் சோப்புக்கும் அசையாத கறுப்பு.
பதினாறில் பட்டறைக்குப் போனவர்,
துறைமுகத்தில் அவர் கைபடாத டீசல் எஞ்சின் இல்லையாம்.
மேலே மட்டும் ஏற்றவில்லை, தாள் இல்லை என்று.
அவர் பழக்கிய பையன்கள் இரண்டு பேர்
அவருடைய லீவுக்கு அனுமதி எழுதினார்களாம்.
இருநூறு இருநூறாக எண்ணி வைத்தார்.
பிறகு குனிந்து, கண்ணாடி ஓட்டை வழியே,
பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்குக் கேட்காமல்:
"கணக்கு வகுப்பு எந்தக் கட்டடம்?"

"தெரிஞ்சுதா?" என்றேன், குழம்பைக் கிண்டியபடி,
வழக்கில் ஜெயித்த குரலில்.

சேருஷ்னி தலையைச் சாய்த்தாள்.
எஞ்சினைக் கேட்கும்போது அப்படித்தான் சாய்ப்பாள்.
"நாப்பத்தொண்ணுலயும் உள்ள விட்டாங்கல்ல?" என்றாள்.
பிறகு,
"அவர மேல விடாதது அவர் தப்பாம்மா?"

கரண்டி என் கையில் அப்படியே நின்றது.
சொல்ல எவ்வளவோ இருந்தது.
அந்தப் பட்டறைச் சுவரில் தொங்கும் காலண்டரை
நான் பார்த்திருக்கிறேன் என்று.
கோயிலில் "பொண்ணு படிக்கிறா" என்றால்
யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை என்று.
இடத்தை ஒரு வருடம் பிடித்து வைக்கமாட்டார்கள்,
மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம்,
அந்த விதியைத் தட்டச்சு செய்தவளே நான் என்று.
எதையும் சொல்லவில்லை. குழம்பு அடிப்பிடித்தது.

எட்டு மணிக்கு மின்சாரம் போனது.
சாட்ஸ்வர்த் மலை முழுக்க ஒரே இருட்டு,
கீழே நெடுஞ்சாலையில் மட்டும் விளக்குகள் ஊர்ந்தன.
போன் வெளிச்சத்தில் இரண்டு தாளையும் எடுத்து
மேசையில் போட்டேன்.
பேனா இழுப்பறையில் இல்லை, கைப்பையில் இல்லை.
"இங்க இருக்கு," என்றாள்.
காதில் செருகியிருந்தாள்.
நான் கை நீட்டட்டும் என்று
எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.