நான்காம் கட்டில்

நாளை காலை ஏழு மணிக்குக் குழந்தைகள் வார்டு.
நகம் வெட்டிவிட்டேன்.
வெட்டிய நகத்தை இன்னொரு முறை வெட்டினேன்.

உலான்பாத்தரில் இன்றிரவு மைனஸ் இருபத்தொன்பது.
விடுதி ஜன்னலில் துணி செருகியும்
புகை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.
ஸோல்ஜர்கல் தூங்குகிறாள்.
அவள் மூச்சை எண்ணினேன்: நிமிடத்துக்குப் பதினான்கு.
பெரியவர்களை எண்ணுவது எளிது.
நாளை நான் எண்ணப்போகிறவர்கள்
ஐம்பதைத் தாண்டி மூச்சு விடுகிறவர்கள்,
அதற்கிடையில் என் ஸ்டெதஸ்கோப்பைக் கடிக்கிறவர்கள்.

உருளைக்கிழங்குப் பை ஆறு கிலோ நானூறு.
அதற்கு மருந்து கணக்கிட்டேன்.
கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்,
நாளுக்கு மூன்று வேளை,
பாட்டிலில் ஐந்து மில்லிக்கு எவ்வளவு.
புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தது.
கிழங்குகள் ஒன்றும் சொல்லவில்லை.
மறுபடி போட்டேன்.
மறுபடியும் தள்ளித்தான் விழுந்தது.

'வலிக்காது என்று பொய் சொல்லக் கூடாது'
அறிவுறுத்தல் தாளில் ஆறாவது வரி.
கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன்:
கொஞ்சம் வலிக்கும்.
கொஞ்சமே கொஞ்சம் வலிக்கும்.
வலிக்கும், ஆனால் நான் இங்கேதான் இருப்பேன்.
"எங்கே வலிக்குது?" என்றாள் ஸோல்ஜர்கல்,
கண் திறக்காமலே.

எனக்கு நான்காம் கட்டில்.
ஒன்பது மாதம். நிமோனியா.
பெயர்: நெர்குய்.
நெர்குய் என்றால் பெயரில்லை.
எழுத்துப் பிழை இல்லை, அதுதான் பெயர்.
முதல் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில்
அடுத்ததற்கு இப்படி வைப்பார்கள்.
தேடி வருவது எதுவானாலும்
இங்கே யாருமில்லை என்று திரும்பிப் போகட்டும்.
நான் மட்டும் ஒவ்வொரு ஊசிக்கு முன்னும்
கைப்பட்டையை இருமுறை பார்த்து
யாருமில்லாதவன் இவன்தான் என்று
உறுதி செய்ய வேண்டும்.

மாலையில் வார்டைச் சுற்றிக் காட்டியபோது
கண்ணாடி வழியே பார்த்தேன் அவனை.
நெற்றியிலிருந்து மூக்குத்தண்டு வரை
அடுப்புக்கரியால் ஒரு கோடு.
இருட்டில் தூக்கி வந்த அம்மா போட்டது.
இது குழந்தையில்லை, முயல்.
கண்ணில் படுகிறதெல்லாம் அப்படி நம்பட்டும்.

அதே அடுப்புதான்.
மூக்கின் மேல் அதன் கரி,
மூக்குக்கு உள்ளே அதன் புகை.
வெளியே கறுப்பாக நின்று காக்கிறது,
எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிறது.
அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது,
தாளில் எந்த வரியிலும் இல்லை.

காலையில் முகம் துடைப்பது என் வேலை.

பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தேன்.
பென்சில் முனையைத் தேய்த்துக் கோடு போட்டேன்.
ஈரப் பஞ்சால் கோட்டின் இருபக்கமும் துடைத்தேன்.
முதல் தடவை பாதி அழிந்தது.
மூன்றாம் தடவை நின்றது.
பிறகு ஆக்ஸிஜன் குழாயை வைத்துப் பார்த்தேன்:
பிளாஸ்திரி கன்னத்தில்தான் ஒட்டும்,
மூக்குத்தண்டைத் தொடாது.
ஸ்கேல் வைத்தே அளந்துவிட்டேன்.

மணி ஒன்றே கால்.
விளக்கை அணைத்தேன்.
அந்தக் கிழங்கை மட்டும்
சமையல் பைக்குள் திருப்பிப் போடவில்லை.