மூன்று சுவர்

என் வேலை கீழே நிற்பது.
அண்ணாந்து பார்ப்பது.
எட்டு மாதத்தில் யெசேனியாவின் முகத்தைவிட
அவள் பூட்ஸின் அடிப்பக்கம்தான் எனக்குப் பழகியிருக்கிறது:
இடது குதிகாலில் ஸ்க்ரூ ஏறிய தடம்,
வலதில் மஞ்சள் பெயின்ட்.

என் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு சிவப்புப் பிடி.
மேலே இருப்பவள் மயங்கினால், பேட்டரி செத்தால்
இழுக்க வேண்டும்; கத்தரிக்கால்கள் மெல்ல மடிந்து இறங்கும்.
தினமும் காலையில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன்.
அதற்குமேல் இழுக்க நேர்ந்ததில்லை.

புந்தா அரேனாஸில் காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை,
வாடகை தராமல் கூடவே குடியிருக்கிற ஆள் அது.
சில நாள் தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள்,
ரொட்டி வாங்கப் போகிறவர்கள் பிடித்துக்கொள்ள.

இந்த மீன் கிடங்குக்குக் கூரை ஏறிவிட்டது.
மூன்று சுவரும் நின்றுவிட்டன.
கடல் பக்கத்துச் சுவர் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது,
மூன்று வாரமாக வந்துகொண்டிருக்கிறது.

லிஃப்டின் பக்கத்தகட்டில் ஒரு சின்ன வீட்டுப் படம்.
அதற்குள் இரண்டு ஆள். காற்று: பூஜ்யம்.
வீட்டுக்கு வெளியே நிற்கிற படம்
இந்த மெஷினுக்குப் போடவேயில்லை.

பரியா கேட்டார்: கூரை இருக்கிறதா?
இருக்கிறது.
அப்புறமென்ன, உள்ளேதானே?

யெசேனியா ஏறினாள். கதவின் கொக்கியை மாட்டினாள்.
இரண்டு மீட்டரில் நிறுத்தி
கம்பியில் ஒரு பிளாஸ்டிக் நாடாவைக் கட்டினாள்.
நாடா விறைத்து
பின்சுவரைச் சுட்டிக்காட்டியது.
'இது உள்ளே இல்லை,' என்றாள் மேலிருந்து,
'வாய் திறந்த கோணிப்பை.'
இறங்கி, சாவியை உருவிச்
சட்டைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பரியா கத்தவில்லை.
கத்தியிருந்தால் தேவலை.
போனில் யாருக்கோ மெதுவாகச் சொன்னார்:
பன்னிரண்டு விளக்கு பாக்கி.

பதினொரு மணிக்குக் காற்று நின்றது.
நின்றே போய்விட்டது. நீரிணை
இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது.
நாடா தொங்கியது.
பரியா நாடாவைப் பார்த்தார், பிறகு எங்களை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது:
ஒரு தகரமாவது பறக்காதா என்று
நான் வேண்டிக்கொண்டேன்.
ஒரே ஒரு தகரம்.
யார் மேலும் படாமல்.

அவள் எதையும் வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.
'சுவர் வந்துவிட்டதா?' என்று மட்டும் கேட்டாள் அவரிடம்.
படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்:
காற்று.
காற்றில்லாத அந்த மதியத்தில்
அதன் கீழே சாட்சியாக
நான் கையெழுத்துப் போட்டேன்.

இறக்கிய மேடையின் விளிம்பிலேயே
பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.
அவள் முகவாயின் ஓரத்தில் ஒரு மச்சம் இருப்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

'நாளைக்கு?' என்றேன்.
வாய் நிறைய ரொட்டி,
தோளைக் குலுக்கினாள்.
நாடா லேசாகத் தலை தூக்கியது.