உள்ளளவு

உம் ராஷித் அளவு சொல்லவில்லை.
ஒரு ஜோடி பூட்ஸ், மடித்த சட்டை,
வார் அறுந்த கைக்கடிகாரம்.
மூன்றையும் மேசையில் வைத்து
இது கொள்ளணும் என்று கையால் காட்டினாள்.
இவர் டேப்பை இழுத்தார்.
உள்ளளவு முதலில், மரத்தின் கனம் பிறகு.
நீளம் முப்பத்தி நாலு. உயரம்?
பூட்ஸ் நின்றபடியா, படுத்தபடியா?
அதை அரபியில் கேட்க
எங்களுக்குத் தெரியவில்லை.
நிற்க வைத்தே அளந்தார்.

பட்டறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
ராஸ் அல் கைமாவில், மயரீத்தில்,
அவள் வீட்டுப் பின்பக்கம் நாங்கள் வாடகைக்கிருக்கும்
ஒற்றை அறைக்கும் மதிலுக்கும் நடுவே
தகரம் போட்ட எட்டடி.
பாதி இவர் ரம்பத்துக்கு. மீதி என் வாளிகளுக்கு.
பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை,
நெய் டின்னில் தூதுவளை,
உடைந்த ஐஸ் பெட்டியில் அரைக்கீரை.
ஏ.சி. சொட்டும் தண்ணீர்தான் பாசனம்.
ஆகஸ்டில் நாளைக்கு ஒன்றரை வாளி வரும்.
குளிர் வந்தால் ஏ.சி. நிற்கும், எங்கள் வாய்க்காலும் வற்றும்.
இங்கே எனக்கு வெயில்தான் மழைக்காலம்.

தேக்கு அவளே இறக்கினாள்.
துறைமுகத்துப் பழைய பலகையில்
ஆணி பிடுங்கியே வயதான கை
நல்ல மரத்தைத் தொடக் கூசியது.
ஒரு ஆணி அடிக்கவில்லை இவர்.
நாலு மூலைக்கும் புறாவால் பூட்டு.
எதுக்கு இவ்வளவு என்றேன்.
உளியை ஊதிவிட்டு மறுபடி குனிந்தார்.

மாயழகின் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன்.
கறுப்பு டிரங்க், வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர்.
பனியில் போன கொழுந்தன்
கொடி சுற்றி முதலில் வந்தான்.
பெட்டி பதினேழு நாள் கழித்து வந்தது, லாரி புக்கிங்கில்.
கையெழுத்துப் போட்டு இறக்கியது இவர்தான்.
இப்போது அதில் விதைக்கடலை கிடக்கிறது.
எலி ஏறாத ஒரே பெட்டி என்பார் மாமியார்.

தப்பு என்னுடையது.
அந்தியில் மரத்தூளைக் கூட்டி
வாளிகளில் தூவுவேன், ஈரம் நிற்கும்.
அன்றும் கூட்டினேன்.
மேசையில் ஒரு காகிதம், அதில் கொஞ்சம் மண்,
இங்கத்திய நிறமில்லை, இரண்டு பொடிக்கல்.
அதையும் தட்டிவிட்டேன்.
காலையில் கேட்டார்:
"பூட்ஸுக்கு அடியில இருந்து உதிர்ந்தது,
பொட்டலமா வச்சிருந்தேனே?"

கறிவேப்பிலை முன் இருவரும் குந்தினோம்.
சல்லடையை எடுத்தார். வைத்தார்.
மண்ணிலிருந்து மண்ணைப் பொறுக்க முடியுமா?
ஒரு கல் கிடைத்தது.
அந்தக் கல்தான் என்று சொல்ல ஆளில்லை.

பெட்டியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்,
தெரிந்த நாலைந்து சொல்லில்:
ஹமத். பூட்ஸ். மண். என் மனைவி. செடி. மன்னிக்கணும்.
நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.
பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல்
அவள் நேரே வாளியிடம் வந்தாள்.
ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி,
முகர்ந்து, முகம் சுளித்தாள்.
பிறகு கேட்டாள்:
இதற்குத் தண்ணீர் எவ்வளவு?

நவம்பர் கடைசியில், கொடி பாதிக் கம்பத்தில் நின்ற காலை,
தெரு ஒரு நிமிடம் வாய் மூடியது.
ரம்பத்தைக் கீழே வைத்து இவரும் நின்றார்,
கண் மலைப்பக்கம்.
யாருக்காக என்று நான் கேட்கவில்லை.
கொடி உச்சிக்கு ஏறிவிட்டது.
மீன் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.
இவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது குளிர். எங்கள் ஏ.சி. ஓய்ந்து மாதமாகிறது.
ராத்திரி மதிலுக்கு அந்தப்புறம் ஒன்று மட்டும் உறுமுகிறது,
ஆள் படுக்காத அந்த அறையில்.
விடியுமுன் பின்கதவு கிறீச்சிடும்.
கால் வாளி கூட இருக்காது.
இரண்டு கையாலும் பிடித்து
சிந்தாமல் நடந்து வருகிறாள்.